இடதுகைப் பிள்ளைக்கு ஒரு கிடார்: தேர்ந்தெடுப்பதும் திருப்பிக் கட்டுவதும்

வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பாடுகிற பழக்கம் இருந்தால், சீக்கிரமே ஒரு பிள்ளை கிடாரைத் தூக்கிக்கொண்டு வரும். இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளை என்றால், இருக்கிற வலக்கைக் கிடாரையே கொடுத்து "இப்படித்தான் பிடிக்கணும்" என்று சொல்லிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சில பிள்ளைகளுக்கு அது ஒத்துப்போய்விடும். ஒத்துப்போகாத பிள்ளை சில மாதத்தில் "எனக்குத் தாளமே வரலை" என்று கிடாரைச் சுவரில் சாய்த்துவிடும். அதனால் வாங்குவதற்கு முன்பே பார்க்கவேண்டிய முதல் விஷயம், அந்தப் பிள்ளைக்குத் தாளக் கை எது என்பது.

வலக்கைக் கிடாரில் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிக் கட்டங்களை) அழுத்துவது இடக்கை. பார்வைக்குச் சிக்கலான வேலையும் அதுதான். "இடக்கை கெட்டிக்காரக் கை, அதுவே அழுத்தட்டுமே" என்ற வாதம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் விரல்கள் எங்கே போகவேண்டும் என்பதைப் பழகிக்கொள்ளலாம். ஒரே சீராக மேலும் கீழும் வீசி, பாடுகிறவரைத் தூக்கிக்கொண்டு போகிற வீச்சு அப்படிச் சுலபமாகக் கைமாறுவதில்லை. ராக் கிடார் கலைஞர் மார்க் நாஃப்ளர் இடதுகைப் பழக்கக்காரராக இருந்தும் வலக்கைக் கிடாரே வாசிக்கிறார். எழுதும் கையை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

சோதனை எளிது. பாட்டு ஓடும்போது, கையில் எதுவும் கொடுக்காமல், கிடார் வாசிப்பதுபோல் நடிக்கச் சொல்லுங்கள். எந்தக் கை வயிற்றுக்கு முன்னால் வீசுகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு கைதட்டச் சொல்லுங்கள். அசையாமல் நிற்பது எது, வந்து அடிப்பது எது என்று தெரியும். கடைசியாக ஒரு நீள அளவுகோலைக் கொடுத்து மேசை விளிம்பில் தாளம் போடச் சொல்லுங்கள். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்காமல், வேறு வேறு நாளில் மூன்று தடவை செய்யவேண்டும். மூன்றிலும் இடக்கை என்றால் இடக்கைக் கிடார்தான். மாறி மாறி வந்தால் வலக்கைக் கிடாரே நல்லது. பின்னால் கிடார் கிடைப்பதும், இன்னொருவர் கிடாரை வாங்கி வாசிப்பதும் சுலபம்.

இருக்கிற வழிகள்

வலக்கைக் கிடாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து, தந்தி மாற்றாமல் வாசிப்பது ஒரு வழி. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி எலிசபெத் காட்டன் அப்படித்தான் வாசித்தார்: தடித்த பேஸ் தந்திகளை விரல்களாலும் மெட்டைக் கட்டைவிரலாலும். ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங்கும் தலைகீழாகவே பிடித்தார். அவர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்ட முறை அது. வீட்டில் அக்காவோ அப்பாவோ சொல்லிக்கொடுத்துப் படிக்கவேண்டிய பிள்ளைக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். தந்திகளை ஒருசேர வீசி அடிக்கும் (ஸ்ட்ரம்) வரிசையே தலைகீழாகிவிடுவதால், சொல்லிக்கொடுப்பவர் காட்டுகிற எதுவும் பொருந்தாது.

இரண்டாவது, வலக்கைக் கிடாரின் தந்திகளை இடவலமாக மாற்றிக் கட்டுவது. ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிடாரைத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டித்தான் வாசித்தார். மூன்றாவது, இடக்கைக்கென்றே செய்த கிடாரை வாங்குவது. முழு அளவில் கையில் பிடித்துப் பார்த்து வாங்க முடிந்தால் மூன்றாவதுதான் சரி. சிறுவர் அளவில் இடக்கைக் கிடார் அரிது. அங்கே இரண்டாவது வழி கைகொடுக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். வலக்கைக் கிடாரில் தந்தியை மட்டும் மாற்றிவிட்டு "லெஃப்ட் ஹேண்ட்" என்று கொடுப்பதுண்டு. ஸ்டீல் தந்திக் கிடாரில் பிரிட்ஜில் (தந்திகளை உடலோடு கட்டும் கட்டை) தந்திகள் ஏறி நிற்கும் சேடில் பட்டை நேராக இருக்காது, கொஞ்சம் சாய்வாக இருக்கும். மெல்லிய 1ஆம் தந்திப் பக்கம் ஒலித்துளைக்கு அருகிலும், தடித்த 6ஆம் தந்திப் பக்கம் தள்ளியும் இருக்கவேண்டும். இது மாறியிருந்தால் அது வெறும் தந்தி மாற்றிய கிடார். கிடார் கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட்டை அடையாளம் காட்டும் பக்கவாட்டுப் புள்ளிகளும் காட்டிக்கொடுக்கும்: வாசிக்கிறவர் குனிந்து பார்க்கும் விளிம்பில் அவை இல்லையென்றால் கழுத்து வலக்கைக்காரருடையது.

அளவுக்கு வயதுக் கணக்கைவிடக் கைக்கணக்கு நம்பகமானது. பிள்ளை உட்கார்ந்து, அழுத்தும் கையை முதல் ஃப்ரெட்டில் வைக்கும்போது முழங்கை மடங்கியே இருக்கவேண்டும். கை நீட்டமாக விறைத்துப் போனால் கிடார் பெரிது.

திருப்பிக் கட்ட ஏற்ற கிடார்

நைலான் தந்தி, உடலில் வெட்டு இல்லாதது, உள்ளே மின்கருவி இல்லாதது. இந்த மூன்றும் அமைந்தால் வேலை பாதி முடிந்தமாதிரி. வெட்டுள்ள உடலைத் திருப்பினால் வெட்டு மேல்பக்கம் போய்ப் பயனில்லாமல் நிற்கும். பக்கப்பலகையில் ப்ரீஆம்ப் (ஒலியைக் கூட்டும் மின்கருவி) இருந்தால் அது கீழே போய்த் தொடையில் அழுந்தும். நைலான் கிடாரின் மேல்பலகைக்கு அடியில் விசிறிபோல் ஒட்டிய தாங்குகுச்சிகள் பெரும்பாலும் இருபக்கமும் ஒரேமாதிரி இருப்பதால், திருப்பினாலும் ஒலி அதிகம் மாறாது. சேடில் பள்ளமும் நேர்கோடாகவே இருக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டது முக்கால் அளவு நைலான் கிடார்: நட்டிலிருந்து (கழுத்து நுனியில், தந்திகள் பள்ளங்களில் பதிந்து செல்லும் சிறு கட்டை) சேடில் வரை 580 மி.மீ., நட் அகலம் 48 மி.மீ. எலும்பு நட் கட்டை ஒன்று, நார்மல் டென்ஷன் ஸ்ட்ரிங் செட் ஒன்று, வெர்னியர் காலிப்பர், ஃபீலர் கேஜ் (நுண் இடைவெளி அளக்கும் தகடுகள்), ஊசி அரங்கள், 120, 220, 400 உப்புத்தாள், ஒரு துண்டு தட்டையான கண்ணாடி, மரப்பசை. நட்டுக்கான தனி அரங்கள் இல்லையென்றால் வெல்டிங்காரர்கள் வைத்திருக்கும் டிப் கிளீனர் செட் நன்றாகவே வேலை செய்யும். வெவ்வேறு விட்டத்தில் உருண்டைக் கம்பி அரங்கள் ஒரே பிடியில் இருக்கும்.

தந்தி மாற்றினால் போதாதா, நட் எதற்கு என்று கேட்பார்கள். அளந்து பார்த்தால் காரணம் தெரியும். சாதாரண நைலான் செட்டில் தந்தி விட்டங்கள் 1 முதல் 6 வரை ஏறக்குறைய 0.71, 0.82, 1.02, 0.74, 0.89, 1.09 மி.மீ. நட்டின் பள்ளங்கள் அந்தந்தத் தந்திக்கு ஏற்ப வெட்டியவை. திருப்பிக் கட்டும்போது 1.09 தந்தி 0.71 பள்ளத்தில் உட்காராமல் மேலே ஏறி நிற்கும், 0.71 தந்தி 1.09 பள்ளத்தில் ஆடி, அடிக்கும்போது பக்கவாட்டில் நகரும். நடுவிலும் அப்படித்தான். 3ஆம் தந்தி 4ஆம் தந்தியின் பள்ளத்தில் இறுகிக்கொள்ளும். டியூனிங் கீயைத் திருகினால் சுருதி ஏறாது. இன்னும் கொஞ்சம் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து, தேவைக்கு மேல் தாவிவிடும். பள்ளம் தந்தியைக் கடிக்கிறது என்பதற்கு அந்தச் சத்தமே அடையாளம்.

பழைய நட்டைக் கழற்றித் திருப்பி வைத்தால் என்ன என்பது அடுத்த யோசனை. பலரும் செய்கிற தவறு இது. பள்ளங்கள் தட்டையாக இல்லை; டியூனிங் கீ பக்கம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். தந்தி நட்டைவிட்டு எழும்பும் இடம் ஃப்ரெட்போர்டை ஒட்டிய விளிம்பாக இருப்பதற்காகத்தான் அந்தச் சரிவு. திருப்பினால் சரிவு எதிர்ப்பக்கம் போய், தந்தி பள்ளத்தின் பின்விளிம்பில் தொட்டு முன்பகுதியில் மிதக்கும். திறந்த தந்தி (ஃப்ரெட் எதையும் அழுத்தாமல் அடிப்பது), ஜீவா நூல் வைத்த தம்புராவைப்போல் 'ஞொய்ங்' என்று இழுக்கும், முதல் ஃப்ரெட்டுகளில் சுருதியும் சேராது.

நட் கழற்றுதல்

தந்திகளை ஒவ்வொன்றாக ஓரிரு சுற்று மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். நட்டைச் சுற்றி மெருகு ஒட்டியிருக்கும் கோட்டைக் கூரான பிளேடால் இலேசாகக் கீறுங்கள். இதை விட்டுவிட்டால் நட்டோடு மெருகுச் சில்லும் பெயர்ந்து வரும். நைலான் கிடார் பலவற்றில் நட்டுக்குப் பின்னால் தலைப்பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய மரப்பட்டை ஒரு சுவர்போல நிற்கும். ஃப்ரெட்போர்டு பக்கமிருந்து சுத்தியால் தட்டினால் அந்தப் பட்டை உடையும். பக்கவாட்டில், நட்டின் ஒரு நுனியில் மரக்குச்சியை வைத்து மெல்லத் தட்டுங்கள். வாய்க்காலில் நழுவி வெளியே வந்துவிடும். கீழே இருக்கும் காய்ந்த பசையைத் தட்டையான அரத்தால் சுரண்டிச் சமப்படுத்துங்கள். மரத்தைத் தொடவேண்டாம்.

புது நட்

கட்டையின் அடியைக் கண்ணாடிமேல் ஒட்டிய 120 உப்புத்தாளில் தேய்த்து, வாய்க்காலுக்குள் விரலால் அழுத்தினால் நுழைந்து, கவிழ்த்தாலும் விழாத கனத்துக்குக் கொண்டுவரவேண்டும். எலும்புத் தூள் நெடி அடிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைக்கவேண்டாம்.

இனி இடைவெளி. 48 மி.மீ. நட்டில் 6ஆம் தந்தி மையத்திலிருந்து 1ஆம் தந்தி மையம்வரை 39 மி.மீ. எடுத்தேன். நைலானில் தந்திகளின் கனம் பெரிதாக மாறுபடாததால், மையத்துக்கு மையம் 7.8 மி.மீ. என்று சமமாகப் பிரித்தாலே போதும். ஸ்டீலில் அப்படிச் செய்யக்கூடாது. 12-53 என்று விற்கும் ஸ்டீல் தந்தி செட்டில் 6ஆம் தந்தி 1.35 மி.மீ., 1ஆம் தந்தி 0.30 மி.மீ. மையங்களைச் சமமாகப் பிரித்தால் தடித்த தந்திகள் நெருங்கியும் மெல்லியவை அகன்றும் இருக்கும். அங்கே தந்திகளுக்கு நடுவிலுள்ள காலி இடத்தைச் சமமாக்கவேண்டும். 43 மி.மீ. நட்டில் மொத்தம் 36 மி.மீ. எடுத்தால் காலி இடம் ஒவ்வொன்றும் 6.46 மி.மீ.; 6ஆம் தந்தியிலிருந்து மைய தூரங்கள் வரிசையாக 7.66, 7.40, 7.17, 6.96, 6.81. விளிம்பில் 1ஆம் தந்திப் பக்கம் 3.7, 6ஆம் தந்திப் பக்கம் 3.3 விட்டால் மெல்லிய தந்தி வெளியே நழுவாது.

எந்தப் பக்கம் 6ஆம் தந்தி என்பதை முதல் கீறல் போடுவதற்கு முன் பென்சிலால் நட்டிலேயே எழுதிவையுங்கள். வலக்கைக் கிடாரையே பார்த்துப் பழகிய கை தானாகப் பழைய பக்கம் போகும்.

பள்ளம் தந்தியைவிட 0.05 முதல் 0.1 மி.மீ. அகலமாகவும், அடி உருண்டையாகவும், டியூனிங் கீ பக்கம் சரிந்தும் இருக்கவேண்டும். ஆழம்தான் பொறுமையைச் சோதிக்கும். தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின்மேல் தந்தியை விரல்நுனியால் தட்டிப் பாருங்கள். ஒரு தாளின் கனம், அதாவது 0.1 மி.மீ. அளவு இடைவெளி இருந்தால் சின்னதாக 'டக்' என்று கேட்கும். 6ஆம் தந்திக்கு இன்னும் கொஞ்சம் விடலாம். சத்தமே வராமல் தந்தி ஃப்ரெட்டில் படுத்திருந்தால் ஆழம் கூடிவிட்டது. அரத்தை இரண்டு தடவை இழுத்து, தந்தியைக் கட்டிச் சுருதி ஏற்றி, தட்டிப் பார்த்து, மறுபடி இரண்டு தடவை. ஒரே மூச்சில் இறக்கினால் கட்டை வீணாகும்.

அளவு மீறிவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: திறந்த தந்தி மட்டும் அதிர்ந்து, முதல் ஃப்ரெட்டை அழுத்தியதும் சத்தம் நின்றால், நட் பள்ளம் தாழ்ந்திருக்கிறது. தேய்த்த எலும்புத் தூளைப் பள்ளத்தில் நிரப்பி, ஒரு துளி சூப்பர் குளூ விட்டு, காய்ந்தபின் மறுபடி அரமிடலாம். சமையல் சோடாவும் குளூவும் சேர்ந்தாலும் கெட்டியாகும், ஆனால் தேய்ந்துபோகும். எலும்புத் தூள் நிற்கும். கடைசியில் பள்ளங்களில் பென்சில் கரியைத் தடவி, நட்டை இரண்டே துளி மரப்பசையில் உட்காரவையுங்கள். நட்டைச் சூப்பர் குளூவில் ஒட்டினால் அடுத்த தடவை கழற்றுகிறவர் மரத்தோடு பெயர்ப்பார்.

சேடிலும் தந்தி கட்டுவதும்

நைலான் கிடாரில் சேடில் ஒட்டியிருக்காது. தந்தி தளர்ந்ததும் கையோடு வரும். 6ஆம் தந்திப் பக்கம் உயரமாக இருக்கும், அதனால் இடவலமாகத் திருப்பிப் போட்டாலே உயரம் சரியாகிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: திருப்பும்போது முன்பக்கம் பின்பக்கமாகிவிடுகிறது. சேடில் முகடு நடுவில் இருந்தால் கவலையில்லை. ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் புது சேடில் தேவை. 12ஆம் ஃப்ரெட்டின் மேல் தந்தியின் உயரம், இந்தச் சிறிய கிடாருக்கு 6ஆம் தந்தியில் 3.5, 1ஆம் தந்தியில் 2.8 மி.மீ. போதும். அங்கே 0.5 மி.மீ. இறக்க, சேடிலின் அடியில் 1 மி.மீ. தேய்க்கவேண்டும். அடி சாய்ந்துவிடாமல், கண்ணாடிமேல் வைத்து, இரு நுனியிலும் ஒரே அழுத்தம்.

1ஆம் தந்தியைப் பிரிட்ஜில் கட்டும்போது வழுக்கும். முடிச்சில் மூன்று சுற்று சுற்றி, வால்நுனி பிரிட்ஜ் கட்டையின் பின்விளிம்புக்குக் கீழே அழுந்தும்படி விடுங்கள். மேலே நின்றால் இழுவையில் விடுபட்டு, சாட்டைபோல அடித்து மேல்பலகையில் பள்ளம் போட்டுவிடும்.

580 மி.மீ. நீளத்தில் சாதாரண செட்டை வழக்கமான சுருதிக்கு ஏற்றினால், 650 மி.மீ. கிடாரைவிட இழுவிசை 20 சதவீதம் குறைவு. 6ஆம் தந்தி கொழகொழவென்று இருந்தால் காரணம் அதுதான். ஹை டென்ஷன் செட் போட்டால் தீரும். புது நைலான் நிலைக்கு வர ஒரு வாரமாவது ஆகும். அதுவரை ஒவ்வொரு தடவையும் சுருதி சேர்த்துவிட்டே பிள்ளையின் கையில் கொடுங்கள். சுருதி விலகிய கிடாரில் சரியாக அழுத்தினாலும் தப்பாகக் கேட்கும். பிள்ளை தன் விரலைத்தான் சந்தேகப்படும்.

புள்ளிகளை மறக்கவேண்டாம். 3, 5, 7, 9, 12 ஃப்ரெட்டுகளுக்கு நேராக மேல்விளிம்பில் வெள்ளைப் பெயிண்டை ஊசிமுனையால் வைத்து, அதன்மேல் ஒரு பூச்சு வார்னிஷ்.

ஸ்டீல் கிடாரில் எங்கே சிக்கும்

நட் வேலை அதேதான். சிக்கல் சேடிலில். 650 மி.மீ. கிடாரில் சேடில் சாய்வால் 6ஆம் தந்தி 1ஆம் தந்தியைவிட ஏறக்குறைய 3 மி.மீ. நீளமாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். திருப்பிக் கட்டினால் 6ஆம் தந்தி 3 மி.மீ. குறைந்தும் 1ஆம் தந்தி 3 மி.மீ. கூடியும் நிற்கும். 12ஆம் ஃப்ரெட்டில் ஒன்று சுமார் 8 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறியும் மற்றது 8 சென்ட் இறங்கியும் ஒலிக்கும். இரண்டையும் சேர்த்து அடித்தால் காது சுளிக்கும். ஆனால் பிழை ஃப்ரெட் ஏற ஏறத்தான் வளர்கிறது. மூன்றாம் ஃப்ரெட்டில் அது 1.5 சென்ட்தான். முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்துப் பாடுகிற வரை யாருக்கும் தெரியாமல் இருந்து, மேலே போனதும் "கிடார் கெட்டுப்போச்சு" என்ற புகார் வருவது இதனால்தான்.

3 மி.மீ. கனமுள்ள புது சேடிலில், 6ஆம் தந்தி முகட்டைப் பின்விளிம்புக்கும் 1ஆம் தந்தி முகட்டை முன்விளிம்புக்கும் செதுக்கினால் ஒவ்வொரு பக்கமும் 1.2 மி.மீ. மீட்கலாம், 8 சென்ட் 5 ஆகும். முழுத் தீர்வு என்றால் பழைய பள்ளத்தை மரத்தால் அடைத்து, எதிர்ச்சாய்வில் புதிதாக வெட்டவேண்டும். ரூட்டரும் ஜிக்கும் கைப்பழக்கமும் உள்ளவரிடம் கொடுங்கள்.

பிரிட்ஜில் தந்தி நுனியைப் பிடிக்கும் ஆணிகளின் (பிரிட்ஜ் பின்) துளைகளையும் பாருங்கள். 1ஆம் தந்தித் துளையில் வெட்டியிருக்கும் வாய் 0.30 மி.மீ. தந்திக்கானது, 1.35 தந்தி அதில் நுழையாது. பலவந்தமாக ஆணியை அழுத்தினால் தந்தி நுனியிலுள்ள குண்டு பலகைக்கு அடியில் சரியாகப் பிடிக்காமல், இழுவை ஏறும்போது ஆணி எகிறும். உருண்டை ஊசி அரத்தால் அந்த வாயை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கவேண்டும். உள்ளே எக்ஸ் வடிவத் தாங்கிகளுக்குக் கீழேயுள்ள குச்சிகள் ஒருபக்கச் சாய்வுள்ளவை என்பதால் ஒலி கொஞ்சம் மாறும், ஆனால் மொத்த இழுவிசை அதேதான், பலகை தாங்கும். விலையுயர்ந்த கிடாரிலோ, பழைய நல்ல கிடாரிலோ இதைச் செய்யவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சேர்ந்து வாசிக்கும்போது

இடக்கைப் பிள்ளை வலக்கைக்காரருக்கு எதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருக்கும். எதிரில் தெரிகிற கையை அப்படியே பின்பற்றலாம். வலக்கைப் பிள்ளைக்குக் கிடைக்காத வசதி இது, கற்றுக்கொடுக்கும்போது முழுதாகப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது வலக்கைக்காரரின் வலப்பக்கம் பிள்ளையை உட்காரவையுங்கள். இரு கழுத்தும் வெளிப்பக்கம் விரிந்து, ஒன்றோடொன்று இடிக்காது. இடப்பக்கம் என்றால் முதல் பாட்டிலேயே தலைப்பலகைகள் மோதும்.

கார்டு படங்கள் வலக்கைக்கு வரைந்தவை. படத்தைத் தலைகீழாக்கிக் குழப்புவதைவிட, தந்தி எண்ணையும் விரல் எண்ணையும் சொல்லிக் கொடுப்பது மேல்: "2ஆம் தந்தி, முதல் ஃப்ரெட், ஆள்காட்டி விரல்". தந்திக்கோடுகளில் ஃப்ரெட் எண்களை எழுதும் டேப் எழுத்து இரு கைக்கும் ஒன்றுதான்.

பாடுகிறவரின் கட்டைக்கு ஏற்பக் கேபோ (எல்லாத் தந்திகளையும் ஒரு ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்தும் பிடிப்பான்) போடுவதுதான் குடும்பக் கச்சேரியின் உயிர். 5 கட்டை என்றால் ஜி. அதைப் பிள்ளைக்கு எளிதான டி கார்டு வடிவங்களில் வாசிக்க 5ஆம் ஃப்ரெட்டில் கேபோ. ஈ வடிவங்களில் என்றால் 3ஆம் ஃப்ரெட். 6 கட்டைக்கு, அதாவது ஏ-வுக்கு, ஜி வடிவத்தோடு 2ஆம் ஃப்ரெட். ஒன்றரைக் கட்டைக்கு சி வடிவத்தோடு முதல் ஃப்ரெட். வீட்டில் இரண்டு கிடார் இருந்தால், 6 கட்டைப் பாட்டில் ஒருவர் கேபோ இல்லாமல் ஏ வடிவத்திலும் இன்னொருவர் 2ஆம் ஃப்ரெட் கேபோவோடு ஜி வடிவத்திலும் வாசித்துப் பாருங்கள். ஒரே கார்டின் சுரங்கள் வேறு வேறு அடுக்கில் விழுந்து ஒலி நிறைந்து நிற்கும். நைலான் கிடாரின் ஃப்ரெட்போர்டு தட்டையாக இருப்பதால் அதற்குத் தட்டையான கேபோ வேண்டும். ஸ்டீல் கிடாருக்கான வளைந்த கேபோவில் விளிம்புத் தந்திகள் சரியாக அழுந்தாமல் செத்துப்போகும். கேபோ போட்டதும் எல்லாக் கிடாரையும் ஒரு தடவை சுருதி பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், முதலில் பிள்ளையினுடையதை.